உண்ட உணவு உள்ளே செல்லும் வழி

எமது கல்லூரியின் விழா மலரிலே பழைய மாணவர் பலர் தத்தம் காலத்து அதிபர்களையும், விளையாட்டு வெற்றிகளையும், விடுதி வாழ்க்கையையும் நினைவுகூர்ந்து எழுதுவர். அவற்றை எழுதத் தக்கார் எழுதுவாராதலின், நாம் ஒரு பாடத்தை எழுத விழைகின்றோம். அது 1962ஆம் ஆண்டில், விஞ்ஞானகூடத்திலே, மதிய இடைவேளைக்குப் பின்வந்த முதற் பாடவேளையில் எமக்குக் கற்பிக்கப்பட்டது. அதன் முழுப் பொருளையும் உணர்ந்துகொள்ள எமக்குப் பல ஆண்டுகள் சென்றன.

அன்று சுவரிலே மனிதனின் சமிபாட்டுத் தொகுதியைக் காட்டும் படமொன்று தொங்கியது. ஆசிரியர் தமது சால்வையைச் சரிசெய்துகொண்டு, "எல்லாரும் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். அந்தச் சோறு இப்பொழுது உங்கள் உடலுக்கு உள்ளே இருக்கின்றதா, வெளியே இருக்கின்றதா?" என்று வினவினார். வகுப்புச் சிரித்தது. "உள்ளேதான் ஐயா" என்றான் முன்வரிசையில் இருந்த ஒருவன். "தம்பி, உன்னுடைய அம்மா புட்டுக்குழலுக்குள் மாவை இடுகின்றார். அந்த மா மூங்கிலின் உடம்புக்குள் போய்விட்டதா? அல்லது மூங்கிலின் ஓட்டைக்குள் மட்டும் இருக்கின்றதா?" என்றார் ஆசிரியர். சிரிப்பு அடங்கிற்று.

குழலும் சுவரும்

நமது உணவுக் கால்வாய் வாயிலே தொடங்கிக் குதத்திலே முடிகின்றது. இரு முனையும் திறந்த ஒரு நீண்ட குழல் அது. சிறுகுடல் மட்டுமே ஏறக்குறைய 6 மீற்றர் நீளமுடையது. பெருங்குடல் ஏறக்குறைய 1.5 மீற்றர். குழலின் நடுவேயுள்ள வெளி, உண்மையில், புறவுலகின் தொடர்ச்சியே ஆகும். ஒரு குழந்தை தவறுதலாக விழுங்கிய புளியங்கொட்டை, மறுநாள் மாற்றமெதுவுமின்றி வெளிவருதல் கண்டிருக்கின்றோம். அது குழலினூடே சென்றதேயன்றி உடலினுள் ஒருபோதும் புகுந்ததில்லை.

"உட்கொண்டோம்" என்று நாம் சொல்லுகின்றோம். ஆயினும் வாயினுள் இடுதல் வேறு, உடலினுள் ஏற்றல் வேறு. குழலின் சுவரைக் கடந்து குருதியிலே கலந்த பின்னரே உணவு நம்முடையதாகின்றது. சோற்றுப் பருக்கையை அப்படியே அச்சுவர் உள்ளே விடுவதில்லை. பருக்கையைச் சுவர் கடக்கத்தக்க நுண்ணிய கூறுகளாகப் பிரித்தல் சமிபாடு எனப்படும். அக்கூறுகளைச் சுவர் ஏற்றுக் குருதிக்கு அளித்தல் அகத்துறிஞ்சல் எனப்படும். இவ்விரண்டும் இரு வேறு தொழில்கள். இவ்வேறுபாட்டை மறவாதிருத்தல் வேண்டும். ஏனெனில் இதனை அறிந்தமையால் எண்ணற்ற உயிர்கள் பிழைத்ததையும், அறியாமையால் ஓர் உயிர் பிரிந்ததையும் இக்கட்டுரையின் பிற்பகுதியிலே கூறவிருக்கின்றோம்.

குத்தரிசிச் சோறு, பருப்புக் கறி, தேங்காய்ப்பாற் சொதி, முருங்கையிலை வறை என நமது வீடுகளிலே வழங்கும் ஒரு மதிய உணவை எடுத்துக்கொள்வோம். சோற்றிலே மாப்பொருள் மிகுதி. பருப்பிலே புரதம் உண்டு. தேங்காய்ப்பாலிலே கொழுப்பு உண்டு. முருங்கையிலையிலே நார் உண்டு. இவை நான்கும் செல்லும் வழியைப் பின்தொடர்ந்து செல்வோம்.

வாயிலே

உணவைக் கண்டவுடன், சிலவேளை நினைத்தவுடனேயே, வாயூறுகின்றது. மூன்று சோடி உமிழ்நீர்ச் சுரப்பிகள் நாளொன்றுக்கு 1 தொடக்கம் 1.5 லீற்றர் உமிழ்நீரைச் சுரக்கின்றன. பற்கள் உணவை அரைக்க, உமிழ்நீர் அதனைக் குழைத்து வழுவழுப்பாக்குகின்றது. அன்றியும், அதிலே அமிலேசு எனும் நொதியம் உண்டு. நொதியமாவது, தான் செலவாகாது பிற பொருள்களிலே இரசாயன மாற்றத்தை விரைவுபடுத்தும் ஒரு புரதமாகும். அமிலேசு மாப்பொருளின் நீண்ட சங்கிலியை வெட்டி மோல்ற்றோசு எனும் வெல்லமாக்குகின்றது.

இதனை மெய்ப்பிக்க ஆய்வுகூடம் வேண்டியதில்லை. வெறுஞ்சோற்றை விழுங்காமல் இரண்டு நிமிடம் மென்றால் மெல்ல இனிப்புத் தோன்றும். அன்று எமது ஆசிரியர் இரண்டு சோதனைக்குழாய்களிலே கஞ்சித் தெளிவை எடுத்து, ஒன்றிலே மட்டும் உமிழ்நீர் கலந்து, இரண்டையும் இளஞ்சூட்டு நீரிலே வைத்தார். சற்று நேரத்தின் பின் இரண்டிலும் அயடீன் கரைசல் சொட்டினார். ஒன்று கருநீலமாயிற்று, உமிழ்நீர் கலந்தது நிறம் மாறவில்லை. மாப்பொருள் அங்கே இல்லாதொழிந்தது.

விழுங்கும்போது மூச்சுக்குழலின் வாயை ஒரு மூடி மறைத்துக்கொள்கின்றது. கவளம் களம் எனப்படும் 25 சதமமீற்றர் நீளமான குழாயினுள் புகுகின்றது. அங்கு அது வெறுமனே விழுவதில்லை. கவளத்தின் பின்னேயுள்ள தசை சுருங்க, முன்னேயுள்ள தசை தளர, அலைபோன்ற ஓர் அசைவு அதனைத் தள்ளிச் செல்கின்றது. இதுவே சுற்றுச்சுருக்கம். தலைகீழாக நின்று உண்பவனுக்கும் உணவு இரைப்பையை அடைவது இதனாலேயாம்.

இரைப்பையிலே திறந்த சாளரம்

இரைப்பையினுள் நிகழ்வது யாது என்பது நெடுங்காலம் அறியப்படாதிருந்தது. அது ஓர் அடுப்பு என்றார் சிலர். ஓர் ஆட்டுக்கல் என்றார் சிலர். உணவு அங்கே அழுகுகின்றது என்றார் வேறு சிலர். இவ்வழக்கைத் தீர்க்கப் பெரிதும் உதவியது ஒரு துப்பாக்கி விபத்து.

1822ஆம் ஆண்டு யூன் மாதம் 6ஆந் தேதி, வட அமெரிக்காவிலே கியூரன் ஏரியிலுள்ள மக்கினோத் தீவிலே, உரோம வணிகக் கடையொன்றில் தவறுதலாக வெடித்த துப்பாக்கி, அலெக்சிசு சென் மாட்டின் எனும் இளைஞனின் இடப்பக்கத்தைத் துளைத்தது. அவன் கனடாவைச் சேர்ந்த, படகு வலிக்கும் தொழிலாளி. அங்கிருந்த படைமருத்துவர் வில்லியம் போமொன்ற் அவன் பிழைக்கமாட்டான் என்றே எண்ணினார். அவன் பிழைத்தான். ஆனால் புண் முற்றாக மூடவில்லை. இரைப்பையின் துளையின் விளிம்பு தோலின் விளிம்போடு ஒட்டி ஆறிற்று. ஆகவே, அவனுடைய இரைப்பைக்குப் புறத்தேயிருந்து பார்க்கத்தக்க ஒரு சாளரம் உண்டாயிற்று.

1825ஆம் ஆண்டு ஓகத்து 1ஆந் தேதி நண்பகலிலே, போமொன்ற் பட்டுநூலிலே இறைச்சித் துண்டுகள், பாண், கோவா ஆகியவற்றைக் கட்டி அத்துளையினூடே இறக்கினார். ஒரு மணித்தியாலத்தின் பின் வெளியே எடுத்தபோது கோவாவும் பாணும் பாதியளவு கரைந்திருந்தன. இவ்வாறு 1833 வரையில் இடைவிட்டு இருநூறுக்கும் மேற்பட்ட சோதனைகள் நடந்தன. இரைப்பைச் சாற்றை வெளியே எடுத்துச் சிறு புட்டியிலிட்டு, உடலின் வெப்பத்திலே வைத்தபோதும் இறைச்சி அதிலே கரைந்தது. ஆகவே சமிபாடு ஒரு இரசாயனத் தொழில் என்பது ஐயமற நிலைநாட்டப்பட்டது. அச்சாற்றிலுள்ளது ஐதரோக்குளோரிக்கமிலம் என்பதை இங்கிலாந்திலே வில்லியம் புரௌற் 1824இலே வெளியிட்டிருந்தார். 1836இலே தியடோர் சுவான் எனும் செருமானியர் அச்சாற்றின் நொதியத்தைக் கண்டு பெப்சின் எனப் பெயரிட்டார். பருப்பின் புரதத்தை முதலிலே வெட்டுவது இந்தப் பெப்சினே.

போமொன்ற் கண்ட இன்னொன்றும் இல்லறத்தார் கருதத்தக்கது. சென் மாட்டின் சினங்கொண்ட வேளைகளிலே சமிபாடு குழம்பியது. உண்ணும் பிள்ளையை ஏசாதே என்று நம் பாட்டிமார் சொல்லி வந்தது வீண்சொல் அன்று.

ஆயினும் ஒன்றைச் சொல்லாது விடுதல் நீதியன்று. சென் மாட்டின் எழுத்தறிவற்ற ஏழை. பிழைப்புக்கு வேறு வழியின்றி, சம்பளத்துக்குத் தன் இரைப்பையை ஆராய்ச்சிக்கு ஒப்படைத்தான். அதனை அவன் விரும்பவில்லை; பலமுறை ஊர் திரும்பிவிட்டான். 1880இலே அவன் இறந்தபோது, மருத்துவர் எவரும் உடலை வெட்டிப் பார்த்தல் ஆகாது என்று, உடல் பழுதடையும் வரையில் வைத்திருந்து ஆழக் குழிதோண்டி அடக்கம் செய்தனர் அவன் குடும்பத்தார். நாம் பாடநூலிலே ஒரு வரியாகப் படிக்கும் உண்மைக்கு ஒரு மனிதன் கொடுத்த விலை அது.

இறைச்சியையே கரைக்கும் அமிலம் இரைப்பையைக் கரைக்காதது ஏன் என்ற வினா எழும். இரைப்பையின் உட்சுவர் தடித்த சளியத்தைச் சுரந்து தன்னைப் போர்த்துக்கொள்கின்றது. அதன் மேற்பரப்புக் கலங்களும் சில நாள்களுக்கொருமுறை புதுப்பிக்கப்படுகின்றன. இக்காப்புக் குலையுமிடத்துப் புண் உண்டாகின்றது. நாம் படித்த காலத்திலே இரைப்பைப் புண்ணுக்குக் கவலையும் காரமுமே காரணமெனக் கற்பித்தனர். அது திருத்தப்பட்டுவிட்டது. 1982இலே அவுத்திரேலியாவின் பேர்த்து நகரிலே பாரி மார்சல், இரொபின் வாரன் என்னும் மருத்துவர் இருவரும் இரைப்பையிலே வாழும் ஒரு பற்றீரியாவைப் பிரித்து வளர்த்தனர். அப்பற்றீரியாவும், நோமாத்திரைகள் சிலவுமே பெரும்பாலான புண்களுக்குக் காரணம் என்பது இன்று தெளிவு. அவர்களுக்கு 2005இலே நோபெற் பரிசு கிடைத்தது.

சிறுகுடலின் முற்பகுதியிலே

இரைப்பையை முதன்மை உறுப்பென்று பலர் கருதுவர். உண்மையில் அது சேமித்துப் பிசைந்து சிறிது சிறிதாகக் கீழே அனுப்பும் ஒரு களஞ்சியமே. பெருந்தொழில் நிகழ்வது சிறுகுடலிலே.

அமிலம் கலந்த கூழ் முன்சிறுகுடலை அடைந்தவுடன் இரண்டு சாறுகள் அங்கே வந்து சேர்கின்றன. ஒன்று சதையி சுரப்பது. மற்றது ஈரல் சுரந்து பித்தப்பையிலே சேமிக்கப்படும் பித்தம். சதையச் சாறு காரத்தன்மையால் அமிலத்தை நடுநிலைப்படுத்துகின்றது. அதிலுள்ள அமிலேசு எஞ்சிய மாப்பொருளையும், திரிப்சின் முதலியன புரதத்தையும், இலிப்பேசு கொழுப்பையும் பிரிக்கின்றன. பித்தத்திலே சமிபாட்டு நொதியம் இல்லை. ஆயினும் எண்ணெய் படிந்த சட்டியைச் சவர்க்காரம் துலக்குவதுபோல, அது தேங்காய்ப்பாலின் கொழுப்பைச் சிறு துளிகளாகச் சிதறச் செய்து இலிப்பேசுக்கு வழிவிடுகின்றது.

கூழ் வந்து சேர்ந்ததைச் சதையி எவ்வாறு அறிகின்றது? நரம்பே செய்தி சொல்வதாக முன்னர் நம்பினர். 1902இலே இலண்டனிலே பேலிசு, இசுற்றாளிங் எனும் இருவர், நாயொன்றின் குடற்பகுதியின் நரம்புகளை நீக்கிவிட்டு அதனுள் அமிலத்தை இட்டனர். அப்பொழுதும் சதையி சுரந்தது. குடற்சுவரே ஒரு பொருளைக் குருதியிலே விட்டு, அதன்மூலம் செய்தி அனுப்புகின்றது என்பது அவ்வாறு வெளிப்பட்டது. செக்கிரித்தின் எனும் அப்பொருளே இவ்வகையிலே கண்டறியப்பட்ட முதற் பொருள். ஓமோன் எனும் சொல்லை 1905இலே இசுற்றாளிங் வழங்கினார். குடற்சுவர் வெறுந்தோலன்று, அது அறிந்து பேசும் உறுப்பு.

சுவரின் வாயில்கள்

சிறுகுடலின் உட்சுவரைத் தொட்டால் பட்டுத்துணிபோல இருக்கும். அங்கே ஒரு மில்லிமீற்றர் அல்லது அதனினும் குறைந்த உயரமுடைய சடைமுளைகள் எண்ணிறந்தன உண்டு. ஒவ்வொரு சடைமுளையையும் மூடியுள்ள கலங்களின் மேல் அவற்றினும் நுண்ணிய முளைகள் உண்டு. இம்மடிப்பாலும் முளையாலும் சுவரின் பரப்பு பெருகுகின்றது. பழைய பாடநூல்கள் அதனை ஒரு தெனிசுக் களத்துக்கு ஒப்பிட்டன. 2014இலே சுவீடன் நாட்டு ஆய்வாளர் மீண்டும் கணித்து, உணவுக் கால்வாய் முழுவதன் உட்பரப்பும் ஏறக்குறைய 32 சதுர மீற்றர் என்றனர். அது நாம் இருந்து படித்த ஒரு சிறு வகுப்பறையின் தரையளவு. அதுவும் ஒரு வயிற்றினுள் அடங்குவது வியப்பே.

அச்சுவரிலேயே இறுதி வெட்டு நிகழ்கின்றது. மோல்ற்றோசு குளுக்கோசாகின்றது, புரதத் துண்டுகள் அமினோவமிலங்களாகின்றன. பின்னர் ஒவ்வொன்றும் தனக்குரிய வாயிலாலே உட்புகுகின்றது. குளுக்கோசும் அமினோவமிலமும் குருதி மயிர்க்குழாய்களிலே சேர்ந்து, ஈரல் வாயினாளத்தின் வழியே முதலிலே ஈரலை அடைகின்றன. ஈரல் அவற்றைப் பரிசோதித்து, வேண்டியதைச் சேமித்து, எஞ்சியதை உடலுக்கு அனுப்புகின்றது. கொழுப்பு வேறுவழி செல்கின்றது. அது நிணநீர்க் குழாய்களிலே பாய்ந்து, கழுத்தின் அடியிலே குருதியோடு கலக்கின்றது.

இவ்வாயில்களுள் ஒன்றை வாசகர் சிறப்பாக மனத்திருத்துதல் வேண்டும். குளுக்கோசு தனியே புகுவதில்லை. உப்பிலுள்ள சோடியத்தைத் துணையாகக் கொண்டே அவ்வாயிலால் புகுகின்றது. கைகோத்து வரும் இருவரை மட்டுமே உள்ளே விடும் காவலாளிபோல அவ்வாயில் தொழிற்படுகின்றது. இதனை 1960இலே ரொபேட் கிறேன் எனும் அமெரிக்க விஞ்ஞானி வெளியிட்டார். அவ்விருவரும் உட்புகுந்தால் நீரும் அவர்களைத் தொடர்ந்து உட்செல்லும்.

நீரின் கணக்கு

நாம் நாளொன்றுக்கு உண்டும் பருகியும் பெறுகின்ற நீர் ஏறக்குறைய 2 லீற்றர். உமிழ்நீர், இரைப்பைச்சாறு, பித்தம், சதையச் சாறு, குடற்சாறு என உடல் தானே குழலினுள் விடுவது ஏறக்குறைய 7 லீற்றர். ஆக 9 லீற்றர் நீர் நாள்தோறும் குழலினுள் வந்து சேர்கின்றது. இதிலே பெரும்பகுதியைச் சிறுகுடல் மீள ஏற்றுக்கொள்கின்றது. 1 தொடக்கம் 1.5 லீற்றர் மட்டும் பெருங்குடலை அடைய, அதுவும் அங்கே உறிஞ்சப்படுகின்றது. மலத்தோடு வெளியேறுவது 100 தொடக்கம் 200 மில்லிலீற்றர் மட்டுமே.

பெருங்குடலிலே முருங்கையிலையின் நாருக்கும் ஒரு பயன் உண்டு. நமது நொதியங்களாலே பிரிக்கமுடியாத அந்நாரை அங்கு வாழும் பற்றீரியாக்கள் நொதிக்கச் செய்து, பெருங்குடற் சுவருக்கே உணவாகும் அமிலங்களை உண்டாக்குகின்றன. அப்பற்றீரியாக்களின் தொகை ஏறக்குறைய 38 இலட்சம் கோடி என 2016இலே மதிப்பிடப்பட்டது. கீரையையும் தவிட்டோடு கூடிய அரிசியையும் ஒதுக்குபவர் இத்துணைப் பேரைப் பட்டினியிடுகின்றனர்.

இனி, அந்த 9 லீற்றர்க் கணக்கு ஒருநாள் பிழைத்தால் என்னாகும்? சுவர் நீரை ஏற்பதை விட்டு வெளியே விடத் தொடங்கினால் என்னாகும்? அதுவே வயிற்றோட்டம்.

மூடாதிருந்த ஒரு கதவு

எமக்கு அடுத்துப் பிறந்த தங்கை ஒருத்தி இருந்தாள். நாம் கல்லூரியிலே சேருமுன்னரே, ஒரு மாரிகாலத்திலே, அவளுக்கு வயிற்றோட்டம் கண்டது. அப்பொழுது அவளுக்கு ஒன்றரை வயது. "உள்ளே போவதெல்லாம் வெளியே போகின்றது, ஒன்றும் கொடாமல் வயிற்றைக் காயப்போடுங்கள்" என்று அக்கால வழக்கப்படி பெரியோர் சொன்னார்கள். அன்னையார் அவ்வாறே செய்தார். அவள் தண்ணீர்ச் செம்பைக் கண்டு கை நீட்டியது எமக்கு நினைவிருக்கின்றது. செம்பை அவள் காணாத இடத்திலே வைக்கும்படி எம்மிடமே தந்தார்கள். நாமும் வைத்தோம். இரண்டாம் நாள் மாலையிலே அவள் கண்கள் குழிவிழுந்தன; மூன்றாம் நாள் விடியுமுன் உயிர் பிரிந்தது.

இதிலே எவரையும் குறைகூறுவதற்கில்லை. குழலினுள் ஊற்றிய நீர் குழலின் வழியே வெளியேறுவதைக் கண்ணாற் கண்டவர், கொடுத்தல் வீண் என்று எண்ணியது இயல்பே. சுவரிலே இன்னும் ஒரு கதவு திறந்திருக்கின்றது என்பதை அன்று உலகிலே எவரும் தெளிவாக அறிந்திருக்கவில்லை.

வாந்திபேதி எனும் கொலரா நோயிலே, கிருமியின் நச்சுப்பொருள் குடற்சுவரை உடைத்தழிப்பதில்லை. அது சுவரின் கலங்களைத் தூண்டி, உப்பையும் நீரையும் இடைவிடாது வெளியே விடச் செய்கின்றது. உப்பு உட்புகும் வழக்கமான வாயிலையும் அடைத்துவிடுகின்றது. கடுமையான நோயிலே மணித்தியாலத்துக்கு ஒரு லீற்றர் வரையும் நீர் வெளியேறலாம். வெறும் நீர் பருகினால் அது புகுவதற்குப் போதிய வழியில்லை. ஆனால் குளுக்கோசும் சோடியமும் கைகோத்துப் புகும் அந்த வாயிலை நச்சு தொடுவதில்லை. ஆகவே உப்பையும் வெல்லத்தையும் தக்க அளவிலே நீரிற் கரைத்துக் கொடுத்தால், ஓட்டம் நிற்காவிடினும், நீர் உட்செல்லும். 1968இலே டாக்காவிலே டேவிட் நாலின், இரிச்சாட் காசு என்னும் மருத்துவர்களும் அவர்தம் துணைவரும் இதனை நோயாளரிடத்திலே மெய்ப்பித்தனர்.

1971இலே வங்காள தேசப் போரின்போது இலட்சக்கணக்கான அகதிகள் இந்தியாவினுள் புகுந்தனர். மேற்கு வங்காளத்து எல்லையூராகிய பொங்காவிலே கொலரா பரவிற்று. நாளத்தினூடே செலுத்தும் மருந்துநீர் தீர்ந்துபோயிற்று. நோயாளர் தரையிலே கிடந்தனர். அங்கிருந்த மருத்துவர் திலீப் மகலனாபிசு, ஒரு லீற்றர் நீருக்கு 22 கிராம் குளுக்கோசு, 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் அப்பச்சோடா எனக் கலந்து, பீப்பாய்களிலே நிரப்பி, நோயாளரின் உறவினரிடமே கொடுத்துப் பருக்கச் செய்தார். தாயும் தமையனும் தாதியாயினர். அதற்குமுன் முகாமிலே நோயுற்றோரில் நூற்றுக்கு 30 பேர் வரையில் இறந்தனர். இம்முறை கையாளப்பட்டபின் அது 3.6 பேராகக் குறைந்தது. பெரும்பொருளும் அரிய கருவியும் இன்றி, உப்பும் வெல்லமும் நீரும் கொண்டு பெற்ற வெற்றி இது. மகலனாபிசு 2022இலே காலமானார்.

இல்லந்தோறும் அறியத்தக்கவை

பாடம் பயன்படுதல் வேண்டும். ஆதலின் இதனைத் தெளிவாக எழுதுகின்றோம்.

வயிற்றோட்டம் தொடங்கியவுடனேயே நீர் கொடுத்தல் வேண்டும். கண் குழிவிழும்வரை காத்திருத்தல் ஆகாது. மருந்துக்கடைகளிலே கிடைக்கும் உப்புக்கரைசற் பொதி மிகச் சிறந்தது. இலங்கையிலே அது "ஜீவனி" எனும் பெயராலே பலருக்கும் அறிமுகமானது. 2002இலே உலக சுகாதார நிறுவனம் திருத்தியமைத்த அளவின்படி, ஒரு லீற்றர் நீருக்கு 13.5 கிராம் குளுக்கோசும் 2.6 கிராம் உப்பும், அவற்றோடு பொற்றாசியக் குளோரைட்டும் சித்திரேற்றும் சேர்க்கப்படுகின்றன. பொதியிலே குறித்துள்ள அளவு நீரிலேயே முழுவதையும் கரைத்தல் வேண்டும்.

பொதி கிடையாத வேளையிலே, கொதித்தாறிய ஒரு லீற்றர் நீரிலே, மட்டமாக வழித்த 6 தேக்கரண்டி சீனியும், மட்டமாக வழித்த அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் கொடுக்கலாம். இவ்வளவு மிகுதல் ஆகாது. உப்பு மிகுந்தால் குழந்தைக்குத் தீங்கு; சீனி மிகுந்தால் அது நீரைக் குடலினுள் இழுத்து ஓட்டத்தைப் பெருக்கும். போத்தற் குளிர்பானம் இதற்கு உதவாமைக்கும் அதுவே காரணம். சிறிதளவு உப்பிட்ட அரிசிக் கஞ்சியும் நன்று. கஞ்சியின் மாப்பொருள் குடலிலே குளுக்கோசாகி, அதே கதவைத் திறக்கின்றது. நம் முன்னோர் நோயாளிக்குக் கஞ்சி கொடுத்த வழக்கத்தின் உள்ளே இவ்வுண்மையும் இருந்தது.

குழந்தைக்குக் கரண்டியாலே சிறிது சிறிதாகக் கொடுக்க வேண்டும். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மீண்டும் கொடுக்க வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தல் ஆகாது; உணவையும் நிறுத்தல் ஆகாது. சடைமுளைகளின் கலங்கள் சில நாள்களுக்கொருமுறை புதிதாக வளர்வன. அவ்வளர்ச்சிக்கும் உணவு வேண்டும். குழந்தைகளுக்கு நாகம் எனும் கனிப்பொருளையும் 10 தொடக்கம் 14 நாள் கொடுக்குமாறு 2004 முதல் அறிவுறுத்தப்படுகின்றது. அதன் அளவை மருத்துவரிடம் கேட்டறிக. மலத்திலே இரத்தம் காணினும், குழந்தை பருக இயலாது சோர்ந்து கிடப்பினும், கண் குழிவிழினும், சிறுநீர் நின்றுபோயினும் தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும். செல்லும் வழியிலும் நீர் கொடுத்துக்கொண்டே செல்லுதல் வேண்டும்.

இன்றும் உலகிலே ஆண்டுதோறும் ஐந்து வயதிற்குட்பட்ட 4 இலட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் வயிற்றோட்டத்தால் இறக்கின்றனர். அவர்களுட் பலரைக் காக்கத்தக்க மருந்து அவர்கள் வீட்டு அடுக்களையிலேயே இருக்கின்றது. குறைவது அறிவு ஒன்றே.

எமது ஆசிரியரின் வினாவுக்கு இப்பொழுது விடை சொல்லத் துணிகின்றோம். வாயிலிட்ட சோறும் நீரும் உடலுக்கு வெளியேதான் இருக்கின்றன, ஐயா. சுவர் ஏற்றுக்கொண்டபின்னரே அவை உள்ளே செல்கின்றன. சுவர் ஏற்கும் வழியை அறிந்தவர், அதற்கேற்பக் கலந்து கொடுத்தல் கூடும்.

இம்மலரைப் படிக்கும் இளைய மாணவர்களிடம் ஒன்று கேட்கின்றோம். பரீட்சைக்காக நீங்கள் மனனஞ்செய்யும் நொதியங்களின் பெயர்களிற் பல காலப்போக்கிலே மறந்துபோகும், எமக்கும் மறந்துபோயின. ஒரு லீற்றர் நீர், ஆறு கரண்டி சீனி, அரைக் கரண்டி உப்பு என்பதை மட்டும் மறவாதீர்கள். இன்று வீடு சென்றதும் அதனை அம்மாவிடமும் ஆச்சியிடமும் சொல்லுங்கள். குழந்தை தண்ணீருக்குக் கை நீட்டினால், செம்பை மறைக்காது அதன் கையிலே கொடுக்கச் சொல்லுங்கள்.